அறவே என்னும் சொல்

ஒரு கொள்கையின் உறுதி, அதனைக் கூறும் சொல்லின் உறுதியால் அறியப்படும். தனித்தமிழ் மேடைகளிலும் இதழ்களிலும் ஓயாது ஒலிக்கும் சொற்களுள் ஒன்று ‘அறவே’ என்பது. ‘பிறமொழிச் சொற்களை அறவே நீக்குக’, ‘அயன்மொழிப் பெயர்களை அறவே விடுக’ என்று எழுதாத கை அரிது. பேசாத நா அரிது. ஆயின், அச்சொல்லின் பொருளை எண்ணி ஆள்வார் எத்துணைப் பேர்? பேச்சிற்கு அழுத்தம் வேண்டியவிடத்துக் கைக்கு எட்டிய சொல்லாக அஃது எடுத்தாளப்படுகின்றது. அழுத்தத்திற்கென்றே ஒரு சொல்லைத் தேய்த்து வந்தால், அதன் உண்மைப் பொருள் வேண்டப்படும் நாளில் அது கூர் மழுங்கிக் கிடக்கும். ஆகலின், அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஆட்சியையும் தெளிவுற அறிந்துகொள்ளுதல் தமிழ்நலம் கருதுவார்க்குக் கடனாம்.

‘அறு’ என்பது அடி. அது தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். ‘கயிறு அற்றது’ என்பது தன்வினை. ‘கயிற்றை அறுத்தான்’ என்பது பிறவினை. முன்னதன் செயவென் எச்சம் ‘அற’. பின்னதன் செயவென் எச்சம் ‘அறுக்க’. ‘அற’ என்னும் எச்சத்தோடு தேற்ற ஏகாரம் சேர, இடையே வகர உடம்படுமெய் தோன்றி ‘அறவே’ ஆயிற்று. ‘ஒட்டு அற்றுப் போகும்படி’, ‘எச்சம் ஏதும் நில்லாதபடி’ என்பதே அதன் நேர்ப்பொருள். ‘மிக’ என்பது அதன் பொருளன்று. ‘பெரும்பாலும்’ என்பதும் அன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீங்கி ஒரு பங்கு எஞ்சினும், அங்கே ‘அறவே நீங்கியது’ எனல் பொய்யுரையாம்.

முழுமையைக் குறிக்கத் தமிழ் மேற்கொண்ட வழி எண்ணி மகிழத்தக்கது. தீர் என்னும் வினையினின்று ‘தீர’. முற்று என்பதனின்று ‘முற்ற’. நிரம்பு என்பதனின்று ‘நிரம்ப’. அறு என்பதனின்று ‘அற’. தீர உசாவினான், முற்ற உணர்ந்தான், நிரம்பக் கற்றான், ஐயமறத் தெளிந்தான் என்னும் தொடர்களை நோக்குக. இவையெல்லாம் ஒரு வினை அதன் கடைசி எல்லை வரை சென்று முடிவதைக் காட்டுவன. அடியோடு, வேரோடு, பூண்டோடு என்பனவோ உழவன் வயலில் களை பறித்த பட்டறிவினின்று பிறந்தவை. வேரின் ஒரு நுனி நின்றாலும் களை மீண்டும் தழைக்கும் என்பதை அறிந்தவன் ஆக்கிய சொற்கள் அவை. தமிழில் முழுமை என்பது வாயால் கூறிவிடும் பெருமையன்று; செய்து முடித்த வேலையின் பெயர் என்க.

இக்காலத்தில் ‘அறவே’ என்பது எதிர்மறை, நீக்கம், வெறுப்பு ஆகிய பொருள் தரும் சொற்களோடு மட்டுமே வழங்குகின்றது. அறவே இல்லை, அறவே ஒழிந்தது, அறவே வெறுத்தான் என்பன வழக்கு. அறவே நல்லவன், அறவே வந்தான் என்பன வழக்கல்ல. ஆயினும் அதன் தாய்ச்சொல்லாகிய ‘அற’ முன்னாளில் உடன்பாட்டுப் பொருளிலும் தாராளமாக வந்தது. அதற்குப் பழமொழிகளே சான்று. ‘அறப் படித்தவன் அங்காடி போனால் விற்கவும் மாட்டான், கொள்ளவும் மாட்டான்’ என்னும் பழமொழியில், அறப் படித்தல் என்பது எல்லை காணப் படித்தல். ‘அற நனைந்தவனுக்குக் கூதல் என்ன?’ என்பதில், அற நனைதல் என்பது உலர்ந்த இடம் ஒன்றும் இல்லாமல் நனைதல். ‘அறக் கூர்மை முழு மொட்டை’ என்பது மூன்றாவது. ‘அற முறுக்கினால் அற்றுப் போகும்’ என்பது நான்காவது. இந்நான்காம் பழமொழியில் ஒரே அடிச்சொல் இருமுறை வந்து இரு பொருள் தருகின்றது. எல்லை மீறி முறுக்கிய கயிறு அறும். முழுமையை நாடுவோன் தன் கைவிசையையும் அளந்தறிதல் வேண்டும் என்னும் எச்சரிக்கையைத் தமிழ்மக்கள் அச்சொல்லிலேயே வைத்துப் போயினர்.

இனி, இலக்கண நுட்பம் ஒன்று உண்டு. முழுமை குறிக்கும் சொல் எதிர்மறையோடு சேரும்போது பொருள் இடம்மாறுவது உண்டு. ‘எல்லாரும் வந்தனர்’ என்பதில் உள்ளது முற்றும்மை. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லை என்பதா, சிலர் வந்தனர் என்பதா? பின்னதும் பொருளாகலாம், முற்றும்மை இவ்வாறு எச்சப்பொருள் தருதலைத் தொல்காப்பியமும் நன்னூலும் எடுத்துரைக்கின்றன. ‘முற்றிலும்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ‘இப்பலகை முற்றிலும் தமிழில் இல்லை’ என்றால், சிறிது தமிழ் உண்டு எனக் கொள்ள இடமுண்டு. ‘இப்பலகையில் தமிழ் அறவே இல்லை’ என்றால் அவ்விடம் அடைபட்டுப் போகின்றது. ஆயின் ‘அறவே’ என்பதும் எங்கும் ஒரே வகையாக நில்லாது. ‘நோய் அறவே இல்லை’ என்பது நோயின்மையைக் கூறும். ‘நோய் அறவே நீங்கவில்லை’ என்பதோ நோயின் ஒரு பகுதி எஞ்சி நிற்பதைக் கூறும். நீக்கப் பொருள் தரும் வினையை எதிர்மறுத்தால், அற்றது போக எஞ்சியது இன்னும் உண்டு என்பது கருத்தாம். முறையீட்டிலும் ஆவணத்திலும் அறிக்கையிலும் இவ்வேறுபாட்டை அறியாது எழுதுவோர், தாம் கருதியதற்கு மாறானதை எழுதிவிடக் கூடும்.

அச்சொல் மேடைக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. நிலத்தையும் பொருளையும் ஆண்ட சொல் அது. சோழர்காலக் கல்வெட்டுகளில் நிலவிற்பனை கூறுமிடத்தில் ‘பொருளறக் கொண்டு’, ‘கைச்செலவறக் கொண்டு’ என்னும் தொடர்கள் வருகின்றன. விலைப்பொருளில் ஒரு காசும் நிலுவையில்லாதபடி பெற்றுக்கொண்டு விற்றோம் என்பது அவற்றின் கருத்து. பின்னாளிலும் மீட்சிக்கு இடமில்லாத விற்பனையை ‘அறுதி’ என்றே மக்கள் வழங்கினர். இன்றைய ஆவணங்களில் அவ்விடத்தைச் ‘சுத்தக் கிரயம்’ என்னும் தொடர் பிடித்துக்கொண்டது. இரண்டும் வடசொற்கள். நிலத்தை விற்கும் உழவனுக்கு ‘அறுதி’ என்றால் அறுந்துபோவது விளங்கும். ‘சுத்தம்’ என்றால் துடைத்து வைத்ததுபோல் ஒரு மயக்கம் தோன்றும். சட்டமன்றச் செய்திகளில் மட்டும் ‘அறுதிப் பெரும்பான்மை’ என்னும் தொடர் நிலைத்து நிற்பது ஆறுதல் தருவதாம்.

ஆவணத்தில் நேர்ந்தது அன்றாடப் பேச்சிலும் நேர்ந்துள்ளது. ‘எனக்கு அறவே பிடிக்கவில்லை’ என்று கூறிய வாய்கள், ‘சுத்தமாகப் பிடிக்கவில்லை’ என்று கூறப் பழகின. பிடிக்காமையில் என்ன சுத்தம் உண்டு? இளையோர் அதனையும் விடுத்து, ‘டோட்டலா’ என்றும் ‘கம்ப்ளீட்டா’ என்றும் இழுத்துப் பேசுகின்றனர். அற, தீர, முற்ற, முழுதும், நிரம்ப, அடியோடு, வேரோடு, சிறிதும், எள்ளளவும், ஒருகாலும் என இத்துணைச் சொற்களும் இடமறிந்து பொருள் வேறுபடுத்தி நின்றன. அவை யாவும் நின்ற இடத்தில் இன்று ஓர் அயற்சொல் நின்று எல்லாவற்றுக்கும் ஒரே பொருளைக் கூறுகின்றது. சொல் குறைந்ததோடு எண்ணத்தின் நுண்மையும் குறைந்தது என்பதே இதிலுள்ள இழப்பு.

‘அற’ என்பதன் பொருளை ஏட்டில் கற்பதினும் தொழிலில் காண்பது தெளிவு. அதற்கு ஏற்ற இடம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் அங்கு உண்டு. அதற்கென அமைந்த தொழிற்பேட்டையும் உண்டு. கோப்பை, அகல், பாவை, மின்கம்பியைத் தாங்கும் காப்பு எனப் பலவும் அங்கே களியினின்று உருவாகின்றன. வனைந்த பச்சைக்கலத்தை உடனே சூளையில் வைப்பார் இல்லை. ஈரம் அற உலர்த்திய பின்னரே வைப்பர். உள்ளே சிறிது ஈரம் தங்கினும், சூளையின் வெப்பத்தில் அது நீராவியாகிக் கலத்தைப் பிளந்துவிடும். உலர்ந்த பின்னும் களியின் உட்கூற்றோடு பிணைந்த நீர் ஒன்று உண்டு; அது 500 முதல் 600 செல்சியசு அளவிலான வெப்பத்திலேதான் வெளியேறும். அதுவும் அற்ற பின்னர் அம்மண் எத்துணை நீர் ஊற்றினும் மீண்டும் குழையாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டா என்னும் பழமொழியின் உண்மை இதுவே. மின்காப்புக் கலமோ 1,200 செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, நீர் புகும் நுண்துளைகள் அடைபட்டு இறுகுதல் வேண்டும். துளைவழி ஈரம் புகின் மின்னோட்டம் கசியும். ‘பெரும்பாலும் உலர்ந்தது’, ‘ஏறத்தாழ இறுகியது’ என்னும் பேச்சுக்குச் சூளையில் இடமில்லை. அறவே என்றால் அறவே.

அவ்வூரே இன்னொரு பாடத்தையும் தருகின்றது. களி, மண், சூளை, கலம், வனைதல் என்பன எல்லாம் தமிழ். மட்கலத் தொழில் தமிழ்நிலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆயின் ‘பீங்கான்’ என்னும் சொல் பாரசீகத்தினின்று வந்தது. வெண்ணிறக் கலம் கடல்வழி வணிகத்தில் வந்தபோது தன் பெயரையும் உடன் கொண்டுவந்தது. அதற்கு நேராக வெண்மையும் கலமும் சேர்த்து ஒரு சொல் ஆக்கலாமே எனின், ‘வெண்கலம்’ என்னும் பெயரை மாழை ஒன்று முன்னரே பெற்றுவிட்டது. அகரமுதலிகளில் புதுச்சொல் எழுதிவிடலாம். சூளையடியில் உழைப்பவர் நாவில் அது வழங்கும் வரை, ‘பீங்கான் என்னும் அயற்சொல்லை அறவே நீக்கிவிட்டோம்’ என்று எவரும் எழுதல் ஆகாது. அதற்கான நல்ல சொல், களியைப் பிசையும் கைகளையும் கலந்துகொண்டு பிறக்க வேண்டுவதாம்.

இனி அவ்வூரின் பெயருக்கு வருக. தேவார மூவரும் பாடிய திருமுதுகுன்றமே இன்று விருத்தாசலம் என வழங்குவது. மணிமுத்தாற்றங்கரையில் விளங்கும் அக்கோயிலை 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவியார். கல்வெட்டுகளும் அவ்வூரைத் திருமுதுகுன்றம் என்றே குறிக்கின்றன. சுந்தரர் ஆற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்னும் பழங்கதையும் இவ்வூரையே சார்ந்தது. முதுமை, குன்றம் என்னும் இரு தமிழ்ச்சொற்களை விருத்தம், அசலம் என மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பையே ஊர்ப்பெயராக நிறுத்தினர். விளைவு என்ன? தமிழெழுத்தில் ‘விருத்தம்’ என்றால் முதுமையும் ஆகும், ஒருவகைப் பாவும் ஆகும், மாறுபாடும் ஆகும். வடமொழியில் வேறுவேறான மூன்று சொற்கள் தமிழில் ஒரே வடிவாகிவிட்டமையால், ஊரின் பெயர் ஊராருக்கே விளங்காததாயிற்று. விளங்காத பெயரைப் பிழையின்றி எழுதுதலும் அரிது. அதனாலன்றோ ‘விருத்தாச்சலம்’ என ஒரு சகர ஒற்றை மிகையாக இட்டு எழுதும் வழக்கும் பரவியது? முதுகுன்றம் என்றால் பள்ளிச் சிறுவனும் பொருள் கூறுவான், பிழையின்றியும் எழுதுவான்.

இதே ‘அசலம்’ ஒருவர் பெயரினின்று நீங்கிய வரலாறும் உண்டு. தனித்தமிழ் இயக்கம் 1916ஆம் ஆண்டு தொடங்கிய காலத்தில், வேதாசலம் என்னும் பெயருடைய பேரறிஞர், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலையடிகள் ஆயினார். அவர்தம் ‘ஞானசாகரம்’ என்னும் இதழும் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. இன்று அவரை வேதாசலம் எனச் சுட்டுவார் அரியர். நீக்கத்தோடு ஆக்கமும் அங்கு நிகழ்ந்தது. பழைய பெயர் சென்ற இடத்தில் புதிய பெயர் நிரம்பி நின்றது. வாழ்நாள் முழுதும் அப்பெயராலேயே எழுதினார், பேசினார், அழைக்கப்பட்டார். ‘அறவே’ என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

நாட்டின் பெயரும் ஊர்களின் பெயரும் அத்துணை எளிதில் மாறுவன அல்ல. தமிழ்நாடு என்னும் பெயருக்காகச் சங்கரலிங்கனார் 1956ஆம் ஆண்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 1969 சனவரி 14ஆம் நாளில்தான் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. மாயூரம் என எழுதப்பட்டு வந்த ஊர், தன் தேவாரப் பெயராகிய மயிலாடுதுறை என்பதை 1982ஆம் ஆண்டு அரசாணையால் மீளப் பெற்றது. பெயர்ப்பலகையும் அஞ்சலும் மாறின. ஆயினும் ‘மாயவரம்’ என்னும் வழக்கு முதியோர் நாவினின்று அறவே மறைந்துவிடவில்லை. 2020 சூன் திங்களில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழ்நாட்டரசு ஓர் ஆணை வெளியிட்டது; சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வாணை ஆங்கில எழுத்துக்கூட்டைப் பற்றியதே. வடமொழியாக்கப்பட்ட பெயர்களைத் தமிழாக்குவது அதன் நோக்கமன்று. ஆணை பலகையை மாற்றும். நாவை மாற்றுவது மக்களின் பழக்கமே என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இங்கேதான் முன்னர்க் கூறிய இலக்கண நுட்பம் கைகொடுக்கின்றது. ‘முதுகுன்றம் என்னும் பெயர் அறவே இல்லை’ எனலாமா? ஆகாது. தேவாரம் ஓதப்படும் ஒவ்வொரு நாளும் அப்பெயர் ஒலிக்கின்றது. இறைவன் பழமலைநாதர் எனப்படுகின்றார். பழமலை என மகனுக்குப் பெயரிடும் வழக்கமும் அப்பக்கத்தில் உண்டு. ஆகவே, ‘அப்பெயர் அறவே மறையவில்லை’ என்பதே உண்மை. எஞ்சிய அச்சிறு வேரே முளைக்கும் வேர். அறவே அழிந்த ஒன்றை மீட்டல் அரிது. அறவே அழியாத ஒன்றை மீட்க ஆணையும் வேண்டா, பொருளும் வேண்டா. வாய் திறந்தால் போதும். மடல் எழுதுங்கால் முகவரியில் ‘திருமுதுகுன்றம்’ என்பதையும் சேர்த்தெழுதுவதை எவர் தடுப்பார்? திருமண அழைப்பிலும் கடைப்பலகையிலும் அப்பெயரைப் பொறிப்பதை எவர் மறுப்பார்? மேடையில் ‘வடசொல்லை அறவே ஒழிப்போம்’ என முழங்கிவிட்டு, வீடு திரும்பிக் குழந்தைக்குப் பொருள் அறியாத அயற்பெயரைச் சூட்டுவாரின் ‘அறவே’ யாது ஆகும்? ஈரம் அறாத கலம் சூளையில் ஆவதே ஆகும்.

ஆகலின் தமிழ்நலம் விரும்புவோர் மூன்று செய்திகளைக் கருத்தில் இருத்துக. முதலாவது, எச்சம் உள்ளவிடத்து ‘அறவே நீங்கியது’ என்று கூறற்க. ‘பெரும்பாலும்’ என்றோ ‘ஓரளவு’ என்றோ உள்ளது உள்ளபடி கூறுக. இரண்டாவது, ‘அறவே முற்றிலும்’, ‘அறவே சிறிதும்’ எனச் சொல்லின்மேல் சொல்லை அடுக்கற்க. தன்னளவில் முழுமையான சொல்லுக்குத் துணை வேண்டா. மூன்றாவது, நீக்கச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக வழங்கத்தக்க தமிழ்ச்சொல் ஒன்றை உடன் தருக. அதனை முதலில் தம் வீட்டில் வழங்குக. வெற்றிடம் விட்டு நீக்கினால், நீக்கிய சொல்லே வேறு வாயில்வழி மீண்டும் வந்து குடியேறும்.

சொல்லைக் காப்பது என்பது அதனை ஏட்டில் எழுதிவைப்பது மட்டுமன்று. அதன் பொருளுக்கு ஏற்ப நடந்துகொள்வதுமாம். ‘அறவே’ என்பது வேலையை முடித்தவன் கூறத்தக்க சொல். வேலையைத் தொடங்குவோர் அதனை உறுதிமொழியாகக் கூறலாம். ஆயின் கூறிய நாளிலிருந்து அச்சொல்லுக்குக் கடன்பட்டவராவர். அக்கடனைச் சிறுகச் சிறுக, நாள்தோறும், சொல் சொல்லாகத் தீர்த்து வருவோரே தமிழைக் காப்போர். முதுகுன்றத்தை முதுகுன்றம் எனக் கூறும் ஒவ்வொரு நாவும் அக்கடனில் ஒரு பங்கைத் தீர்க்கின்றது.